கலியமூர்த்தி அண்ணனின் கால் சுற்று

நான் படித்த ஐ.டி.ஐ.யில் பழைய மாணவர் மலர் ஒன்று கொண்டுவருகிறார்கள். அதில் 'ஓய்வு பெற்றோர் அனுபவம்' என்ற பகுதிக்குக் கட்டுரை கேட்டு மலர்க்குழுவிலிருந்து ஒரு மாணவர் வந்தார். எனக்கு வயது முப்பத்து நான்கு.

"ஓய்வுன்னா கொஞ்சமாவது தல நரைக்கணுமே?" என்றேன்.

"வேல செஞ்சீங்க, வுட்டுட்டீங்க. அப்பால இன்னா சார்?" என்றார்.

அவர் சொன்னதில் தப்பில்லை. பாகூர் சாலையில் ஒரு டிராக்டர் பட்டறையில் பதினொரு வருடம் வேலை பார்த்தேன். சென்ற வருடம் விட்டுவிட்டேன். இப்போது நெட்டப்பாக்கம் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில் ஆய்வக உதவியாளர்.

பழைய டிராக்டரின் ஸ்டியரிங் பெட்டியை எப்படிப் பிரித்து மாட்டுவது என்று எழுதுங்கள் என்றார்கள். புதிய வண்டிகளில் எண்ணெய் அழுத்தத்தில் ஸ்டியரிங் திரும்புகிறது. இன்றைய மாணவர்கள் பல் தேய்ந்த பெட்டியைத் திறந்து பார்த்ததில்லை. ஆனால் இந்தப் பகுதியில் பழைய வண்டிகள் இன்னும் நூற்றுக்கணக்கில் ஓடுகின்றன. சொல்லித் தருவதற்கு விஷயம் இருக்கிறது. சொல்கிறேன். கூடவே, ஒரு மனிதரைப் பற்றி ஊர் நம்புகிற ஒரு விஷயம் பொய் என்பதையும் சொல்ல வேண்டியிருக்கிறது. அந்தப் பொய்க்கு என் கை காரணம்.

வில்லியனூர் பக்கத்தில் மாதா கோவிலைச் சுற்றி இருக்கும் சிற்றூர் எங்களுடையது. எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான்தான். பத்தாவது முடித்து ஐ.டி.ஐ.யில் சேர்ந்தேன். அந்த இரண்டு வருடத்தில் கற்றதில் பாதியைப் பட்டறையின் முதல் இரண்டு மாதத்தில் மறக்க வேண்டியிருந்தது. மீதிப் பாதிதான் சோறு போட்டது.

பட்டறை கோமதி அக்காவினுடையது. பாகூரில் உதிரிபாகக் கடை வைத்திருந்த குடும்பம். என்னைவிடப் பத்து வயது மூத்தவர். ஸ்பானர் பிடித்து நான் பார்த்ததில்லை. ஷெட் வாசலில் ஒரு இரும்பு மேசை, அதன்மேல் வண்டி வண்டியாக வேலை விவரம் எழுதிய ஜாப் கார்டுக் கட்டு, அதன் பின்னால் அக்கா. குரலை உயர்த்த மாட்டார். எந்தக் கேள்வியையும் இரண்டு தடவை கேட்பார், ஒரே தொனியில்.

"லாக் நட்டு டைட் பண்ணிட்டியா லூர்து?"

"பண்ணிட்டேன்கா."

"லாக் நட்டு டைட் பண்ணிட்டியா?"

முதல் பதில் வாயிலிருந்து வருவது, இரண்டாவது பதில்தான் வேலையிலிருந்து வருவது என்பது அவர் கணக்கு. இரண்டாவது கேள்விக்கு நாங்கள் எழுந்து போய்ப் பார்ப்போம். பத்தில் மூன்று தடவை நட்டு கையால் சுற்றும் அளவில் இருக்கும். "அக்கா கல்யாணத்துல மாப்ள மூணு முடிச்சையும் ரெண்டு ரெண்டு வாட்டி போட்டிருப்பாரு" என்பான் வெல்டர் மணி. அக்கா காதில் விழும். சிரிக்கவும் மாட்டார், கோபிக்கவும் மாட்டார்.

வண்டியிலிருந்து கழற்றியது எதுவானாலும் ஒரு பழைய செய்தித்தாளில் கழற்றிய வரிசையிலேயே வைத்து அவர் மேசைக்குக் கொண்டுபோக வேண்டும். பேரிங், வாஷர், தகடு எல்லாம். அவர் எண்ணிப் பார்த்துவிட்டு, "யாரு ஓட்டிப் பாத்தது?" என்று கேட்பார். வேலை முடியாத நாளிலும் அந்தக் கேள்வி உண்டு.

ஸ்டியரிங் வேலைக்கென்று அவர் ஒரு விதி வைத்திருந்தார். வேலை முடிந்ததும் அந்த வண்டியை ஓட்டுகிற டிரைவரே வர வேண்டும். ஷெட்டுக்குப் பின்னால் காலி மனையில் இரண்டு ஆயில் டிரம் நிற்கும். அவற்றைச் சுற்றி எட்டுப் போட்டு மூன்று சுற்று ஓட்ட வேண்டும். வேலை செய்த ஆள் மட்கார்டில் உட்கார்ந்து கூடப் போக வேண்டும். பிறகு ஜாப் கார்டின் கடைசி வரியில், 'ஓட்டுநர் ஓட்டிப் பார்த்தார்' என்ற இடத்தில், டிரைவரின் கையெழுத்து. அது விழாமல் சாவி கைமாறக் கூடாது.

"ஓனர் ஓட்டிப் பாத்தா ஆவாதாக்கா?" என்று சேர்ந்த புதிதில் கேட்டேன்.

"வண்டி ஓனருது. ஸ்டேரிங் டிரைவருது" என்றார். நல்லாப் பேசுறாங்க என்று நினைத்தேனே தவிர, அதற்கு மேல் எதுவும் புரிந்துகொள்ளவில்லை.

இப்போது வேலையைச் சொல்லிவிடுகிறேன். ஸ்டியரிங் சக்கரத்தைத் திருப்பினால் அந்தத் திருப்பம் நடுவில் நிற்கும் தண்டு வழியாகக் கீழே பெட்டிக்குப் போகிறது. பெட்டிக்குள் திருகுபோல் புரியிட்ட ஒரு துண்டு, அதைப் பிடித்து அசைகிற ஒரு ஷாஃப்ட். ஷாஃப்டின் வெளிமுனையில் கைபோல் தொங்கும் டிராப் ஆர்ம். அதிலிருந்து ஒரு நீளக் கம்பி முன்சக்கரத்துக்குப் போகிறது. இரண்டு முன்சக்கரத்தையும் இன்னொரு கம்பி இணைக்கிறது. இத்தனை மூட்டும் தேயும். எல்லாத் தேய்மானமும் சேர்ந்து மேலே வந்து டிரைவர் கையில் வெறும் ஆட்டமாகத் தெரியும். சக்கரத்தைத் திருப்புகிறோம், வண்டி திரும்பாது; இன்னும் கொஞ்சம் திருப்பினால்தான் கேட்கும். அந்த வெறும் தூரத்தைத்தான் நாங்கள் ப்ளே என்கிறோம்.

ப்ளே இருக்கிறதென்றதும் பெட்டியைத் திறக்கக் கூடாது. டேஷ்போர்டில் ஒரு கம்பியை ஊசிபோல் கட்டி நிறுத்தி, ஸ்டியரிங் வளையத்தில் சாக்பீஸால் இரண்டு கோடு போட்டு ஆட்டத்தை அளக்க வேண்டும். பிறகு ஒரு ஆள் மேலே உட்கார்ந்து இப்படியும் அப்படியும் அசைக்க, நாம் கீழே ஒவ்வொரு மூட்டிலும் விரலை வைத்துப் பார்க்க வேண்டும். இந்தப் பக்கம் அசைந்து அந்தப் பக்கம் அசையாத மூட்டுதான் கள்ளன். முன்பக்கம் ஜாக்கி கொடுத்துத் தூக்கி, சக்கரத்தை மேலும் கீழும் ஒரு தடவை, பக்கவாட்டில் ஒரு தடவை ஆட்டிப் பார்க்க வேண்டும். வெளி மூட்டெல்லாம் சரி என்று தெரிந்த பிறகுதான் பெட்டி.

டிராப் ஆர்மைக் கழற்றுமுன் ஷாஃப்டிலும் ஆர்மிலும் சேர்த்துப் பஞ்ச் உளியால் ஒரு புள்ளி அடையாளம் அடித்துக்கொள்ளுங்கள். ஒரு பல் மாறி மாட்டினாலும் வண்டி ஒரு பக்கமே திரும்பும். சுத்தியால் தட்டிக் கழற்றாதீர்கள், இழுத்துக் கழற்றும் புல்லர் போடுங்கள். பெட்டிக்குள் பெரும்பாலும் எண்ணெய்க்குப் பதில் கிரீஸ் இருக்கும். சீல் ஒழுகுகிறதென்று யாரோ அடைத்துவைத்திருப்பார்கள். டீசலில் கழுவி, பேரிங்கும் சீலும் புதிது போட்டு மாட்டிய பிறகு பக்க மூடியில் இருக்கும் திருகால் ப்ளேயை எடுக்க வேண்டும். இங்கேதான் கவனம். ஒரு கோடியிலிருந்து மறு கோடிவரை எத்தனை சுற்று என்று எண்ணி, சரிபாதியில் நிறுத்திக்கொண்டு திருகை இறுக்க வேண்டும். பழைய பெட்டி நடுவில்தான் அதிகம் தேய்ந்திருக்கும். நடுவில் முழுக்க இறுக்கிவிட்டால் ஓரத்தில் போய்ப் பிடித்துக்கொள்ளும். அதனால் கொஞ்சம் விட்டு, இரு கோடிக்கும் சுற்றிப் பார்த்து, விரலுக்கு எங்கும் தடங்கல் இல்லையென்றால் திருகு அசையாமல் பிடிக்கும் லாக் நட்டை இறுக்க வேண்டும்.

இதில் எனக்கு நல்ல பேர் இருந்தது. மூன்று வருடத்தில் பட்டறையின் ஸ்டியரிங் வேலை பாதிக்குமேல் என்னிடம் வந்தது.

அப்போதுதான் அபிஷேகப்பாக்கத்திலிருந்து ராமலிங்கம் என்பவரின் வண்டி வந்தது. முப்பத்தைந்து குதிரைசக்தி, என் வயதைவிட இரண்டு வயது கூட இருக்கும். ஓட்டி வந்தவர் கலியமூர்த்தி அண்ணன், ஐம்பது தாண்டியவர். பத்தொன்பது வருடமாக அந்த ஒரே வண்டியை ஓட்டிக்கொண்டிருந்தார்.

புகார் எழுதிய கார்டை அக்கா அவரிடம் நீட்டினார். அண்ணன் இரண்டு கையையும் விரித்துக் காட்டினார்.

"கையெல்லாம் கிரீஸும்மா. நீங்களே எழுதிக்குங்க."

அக்கா நம்பினார். எனக்கு மட்டும் தெரிந்துவிட்டது. ரேஷன் கடையிலும் பேங்க்கிலும் என் அப்பா சவரிமுத்து சொல்வது, "கண்ணாடி எடுத்தாரல." அப்பாவிடம் கண்ணாடியே கிடையாது. கலியமூர்த்தி அண்ணனுக்கு எழுதப் படிக்கத் தெரியாது.

ஊசி கட்டி அளந்தேன். கால் சுற்று வெறும் ஆட்டம். வளையத்தை முழுதாகக் கால் பங்கு திருப்பிய பிறகுதான் முன்சக்கரம் அசைந்தது.

"இத வெச்சிகினு எப்பிடிண்ணே ஓட்டுனீங்க?"

"எப்பிடின்னா? ரைட்ல போவணும்னா, வளைவு வரசொல்லவே கால் சுத்து எடுத்துக் கையில வெச்சிக்கணும். வளைவுகிட்ட போனதும் லேசாத் தொட்டா போதும், போயிடும். எங்க வூட்டுக்காரியும் அப்பிடித்தான். சாயந்தரம் ஒண்ணு வேணும்னா காலையிலயே ஆரம்பிச்சிடணும்."

நானும் மணியும் விழுந்து விழுந்து சிரித்தோம். அவர் சொன்னதை நான் நோயின் விவரமாகத்தான் எடுத்துக்கொண்டேன். பத்தொன்பது வருடம் ஒரு மனிதரின் கை கற்றுக்கொண்டது என்று எடுத்துக்கொள்ளவில்லை.

மூன்று நாள் வேலை. ஒரு குறை வைக்கவில்லை. கம்பி முனைகளில் இருக்கும் உருண்டை மூட்டுகள், அதாவது பால் ஜாயின்ட், நாலும் மாற்றினேன். பெட்டியைத் திறந்து பேரிங், சீல், புரித்துண்டு எல்லாம் புதிது. கடைசியில் ஆட்டம் இரண்டு விரற்கடைக்கு வந்து நின்றது. அந்த வயது வண்டிக்கு அதைவிடச் செய்ய முடியாது.

வண்டி எடுக்க வேண்டிய நாளில் கலியமூர்த்தி அண்ணன் வரவில்லை. அவர் மகளைப் பிரசவத்துக்குப் பிள்ளையார்குப்பம் பெரிய ஆஸ்பத்திரியில் சேர்த்திருந்தார்கள். முதலாளி ராமலிங்கம் தானே வந்தார். அன்று அக்காவும் இல்லை, சாமான் எடுக்கக் கடலூர் போயிருந்தார்.

"டிரைவர்தான் ஓட்டிப் பாக்கணும் சார். இங்க அப்பிடி ஒரு ரூல் இருக்கு" என்றேன்.

"அவன் பேரப்புள்ள பாக்கப் பூட்டான். நாளைக்கு உழவு நிக்குது. எனக்கு ஓட்டத் தெரியாதா இன்னா?"

அவரே ஒரு சுற்று ஓட்டினார். முகமெல்லாம் சிரிப்பு. "வெண்ண மாதிரி இருக்குப்பா. புது வண்டி தோத்துது போ." அந்தச் சொல்லில் மயங்கிச் சாவியைக் கொடுத்துவிட்டேன்.

சாயந்தரம் அக்கா வந்து கார்டுகளைப் பார்ப்பார். கடைசி வரி காலியாக இருந்தால் வண்டி ஏன் வெளியே போனது என்று இரண்டு தடவை கேட்பார். நான் பேனாவை எடுத்தேன்.

இதை விளக்க வேண்டும். ஐந்தாம் வகுப்பில் என் மார்க் அட்டையில் அப்பா கைநாட்டு வைத்து அனுப்பினார். வாத்தியார் வகுப்பு முன்னால் தூக்கிக் காட்டி, "இன்னாடா இது, மையைக் கொட்டிகினு வந்திருக்க" என்றார். அடுத்த தடவையிலிருந்து அப்பாவின் கையெழுத்தை நானே போட்டேன். என் எழுத்து மாதிரி இருந்தால் தெரிந்துவிடும் என்று, பெரியவர்கள் பேரை மட்டும் எழுதப் பழகியதுபோல், சாய்வாக, ஒரு எழுத்துப் பெரிதும் ஒன்று சிறிதுமாகப் போடப் பழகினேன். அப்பாவுக்கு அதில் பெருமை. பேங்க்கில் கணக்குத் திறந்தபோதும், வீட்டுமனைத் தாளிலும், "என் பையன்தான் என் கை" என்று சொல்லி என்னைத்தான் போடச் சொன்னார். பதினைந்து வருடம் ஒரு எழுத்தறியாதவருக்காக நான் கையெழுத்துப் போட்டிருக்கிறேன். அது தப்பு என்று யாரும் சொன்னதில்லை. எங்கள் வீட்டில் அதற்குப் பேர் உதவி.

அதே சாய்வில், 'கலியமூர்த்தி' என்று எழுதினேன். அரை நிமிடம்கூட ஆகவில்லை.

சாயந்தரம் அக்கா கார்டைப் பார்த்தார். "யாரு ஓட்டிப் பாத்தது?" என்றார். "கலியமூர்த்தி அண்ணன்" என்றேன். அவர் இரண்டாவது தடவை கேட்பதற்குள் அவர் போன் அடித்தது.

மறுநாள் காலை கலியமூர்த்தி அண்ணன் ஆஸ்பத்திரியிலிருந்து நேராக வந்து வண்டியை எடுத்திருக்கிறார். பேரன் பிறந்திருந்தான். முதலாளி வீட்டிலிருந்து வயலுக்கு நேர்ச்சாலை, அப்புறம் வாய்க்கால் கரைமேல் வலப்பக்கம் ஒரு வளைவு. வளைவு வருமுன்பே வழக்கம்போலக் கால் சுற்று எடுத்துக் கையில் வைத்தார். வண்டி அப்போதே திரும்பிவிட்டது. வலது முன்சக்கரம் கரையை விட்டு இறங்க, வண்டி வாய்க்காலுக்குள் சாய்ந்தது. குதிக்கப் பார்த்தவரின் வலது கால் மட்கார்டுக்கும் கரைக்கும் நடுவில் மாட்டித் தொடை எலும்பு முறிந்தது.

"பேரன் பொறந்தான்னு ராத்திரி நல்லாப் போட்டிருப்பான்" என்றார் முதலாளி. கலியமூர்த்தி அண்ணன் எப்போதாவது குடிப்பவர்தான், ஊருக்குத் தெரியும். அதனால் அந்தப் பேச்சுக்கு ஆதாரம் தேவைப்படவில்லை.

வண்டியைக் கயிறு கட்டித் தூக்கி ஷெட்டுக்குக் கொண்டுவந்தார்கள். அக்கா கேட்ட முதல் கேள்வி, "நம்ம வேலையா?" பெட்டியைத் திறந்தோம். எல்லாம் வைத்தபடி இருந்தது. ஊசி கட்டி அளந்தோம். அதே இரண்டு விரற்கடை. லாக் நட்டு அசையவில்லை. வேலையில் குறை இல்லை. அப்போதாவது எனக்குப் புரிந்திருக்க வேண்டாமா என்றால், புரிந்தது. அந்த இரண்டு விரற்கடைக் கோட்டைப் பார்த்துக்கொண்டு நின்றபோதுதான் அவர் சொன்ன கால் சுற்று என் காதில் மறுபடி கேட்டது. ஊசியை அவிழ்த்துக் கருவிப்பெட்டியில் போட்டேன், அக்காவிடம் சொல்லவில்லை.

இரண்டு நாள் கழித்து அக்கா என்னையும் கூட்டிக்கொண்டு பிள்ளையார்குப்பம் போனார். அங்கே முதலாளியும் ஊர்க்காரர் இரண்டு பேரும் கட்டிலைச் சுற்றி நின்றார்கள். அண்ணன் காலில் எடை கட்டித் தொங்கவிட்டிருந்தார்கள். அதே கட்டடத்தில் வேறு மாடியில் அவர் பேரன் இருந்தான்.

அக்கா கார்டை எடுத்து நீட்டினார். "அண்ணே, நம்ம ஷெட்டுல வந்து ஓட்டிப் பாத்தீங்களா? இது உங்க கையெழுத்துதானா?"

அவர் கார்டை வாங்கினார். கையில் கிரீஸ் இல்லை. ஒருவர் நாலு வரி படிக்க எவ்வளவு நேரம் ஆகுமோ அவ்வளவு நேரம் அதைப் பார்த்தார். அந்தப் பார்வையை நான் எங்கள் வீட்டில் பார்த்திருக்கிறேன். பிறகு தலையைத் தூக்கி முதலாளியைப் பார்த்தார், ஊர்க்காரர்களைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"ஆமாம்மா. நம்முதுதான்."

அக்கா மறுபடி கேட்டார். "உங்க கையெழுத்துதானா அண்ணே?"

"அதான் சொன்னனேம்மா. நம்முதுதான்."

கட்டிலின் கால்மாட்டில் நின்றுகொண்டிருந்தேன். 'இல்லைக்கா, நான் போட்டேன்' என்பது மூன்றே சொல். சொல்லவில்லை. வெளியே வராந்தாவில் முதலாளி, அன்று வண்டியை எடுத்துப்போனது தான்தான் என்பதை விழுங்கிவிட்டு, "பாத்தீங்களா? ஓட்டிப் பாத்திருக்கான், சரின்னு ஒப்புத்துகினு போயிருக்கான். மறுநாளு கவுக்கிறான்னா இன்னா அர்த்தம்?" என்றார். அக்கா திரும்பி வரும் வழியில், "இனிமே ஸ்டேரிங் வேல எல்லாம் லூர்து பாக்கட்டும்" என்றார். என் வாழ்க்கையில் எனக்குக் கிடைத்த ஒரே பதவி உயர்வு அதுதான்.

அண்ணனுக்கு வேலை போயிற்று. எலும்பு கூடியதில் வலது கால் ஒன்றரை அங்குலம் குட்டையானது. ஒரு தென்னந்தோப்பில் காவலுக்கு உட்கார்ந்தார். ராமலிங்கத்தின் வண்டிக்கு வேறு டிரைவர் வந்தார்.

ஆறேழு மாதம் போனது. பட்டறையில் எல்லோருக்கும் விபத்துக் காப்பீடு எடுக்க அக்கா படிவம் கொடுத்தார். வாரிசு என்ற இடத்தில் அப்பா பேர், பக்கத்தில் அவர் கையெழுத்து. வழக்கம்போல் நானே போட்டு மேசைமேல் வைத்தேன்.

அரை மணி நேரத்தில் கூப்பிட்டார். மேசையில் ஒரு பழைய செய்தித்தாள் விரித்திருந்தது. அதன்மேல் வாஷர் வைக்கிற மாதிரி பக்கத்தில் பக்கத்தில் இரண்டு தாள்கள். ஒன்று என் படிவம், 'சவரிமுத்து'. மற்றது அந்த ஜாப் கார்டு, 'கலியமூர்த்தி'. இரண்டிலும் 'த்' மட்டும் பெரிதாக, இடப்பக்கம் சாய்ந்து நின்றது.

"யாரு ஓட்டிப் பாத்தது?" என்றார்.

நான் படிவத்தை எடுக்கக் கை நீட்டினேன்.

"யாரு ஓட்டிப் பாத்தது லூர்து?"

"யாரும் ஓட்டிப் பாக்கலக்கா. ஓனர் ஒரு சுத்து சுத்துனாரு. அண்ணன் வரவே இல்ல. அவருக்கு எழுதத் தெரியாதுக்கா. நான்தான் போட்டேன்."

அக்கா அந்த இரண்டு தாள்களையும் எடுத்து ஒன்றன்மேல் ஒன்றாக வைத்தார். திட்டுவார் என்று நின்றேன். "அந்த மனுஷன் எங்கிட்ட ரெண்டு தடவ ஆமான்னாரே" என்றார், தனக்குத்தானே சொல்வதுபோல. அப்புறம், "போய்ச் சொல்லிட்டு வா. ரெண்டு எடத்துலயும்" என்றார்.

ராமலிங்கம் வீட்டுக்கு முதலில் போனேன். முழுதும் கேட்டார். "சரி, இப்ப இன்னா பண்ணச் சொல்ற? வேற ஆள் வெச்சாச்சு. ஊரு பூரா போய் அவன் குடிக்கலன்னு நான் தண்டோரா போடணுமா?" என்று கேட்டுவிட்டு உள்ளே போய்விட்டார்.

தோப்பில் அண்ணன் கயிற்றுக் கட்டிலில் உட்கார்ந்திருந்தார். என்னைப் பார்த்ததும், "வாடா பெட்டி டாக்டர்" என்றார். நான் நின்றுகொண்டே சொன்னேன்.

"தெரியும்டா" என்றார். "எனக்கு எழுதத் தெரியாதுன்னு எனக்குத் தெரியாதா?"

"அப்பறம் ஏண்ணே ஆமான்னீங்க?"

"அத்தினி பேரு மின்னாடி இன்னா சொல்லச் சொல்ற? எனக்குப் பேரெழுதத் தெரியாதும்மான்னா? பத்தொம்போது வருஷமா மொதலாளிகிட்ட கையெழுத்துப் போடுவேன்னு சொல்லி வெச்சிருக்கேன்." வலது காலைக் கையால் தூக்கி நீட்டிக்கொண்டார். "நல்லாத்தான்டா எழுதியிருந்த. நம்ம பேரு இப்பிடித்தான் இருக்குமான்னு பாத்துகினே இருந்தேன்."

கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தேன்.

"ஓட்டிப் பாக்காததுக்கு இன்னாடா இப்போ? தப்பு ஏங்கையிலதான்" என்றார். "குடிக்கலடா நான். மாதா மேல சொல்லணும்னாலும் சொல்றேன், ஒனக்காக. ரெண்டு ராத்திரி ஆஸ்பத்திரில தூக்கமில்ல. கண்ணு அசந்துட்டேன் போலக்குது. கை முந்திடுச்சி. இத்தினி வருஷத்துல ஒரு வாட்டி முந்துனதில்ல. அதான் நெனச்சி நெனச்சிப் பாக்கறேன், எப்பிடி முந்துச்சின்னு."

அப்போதுதான் எனக்குத் தெரிந்தது, ஆறேழு மாதமாக இந்த மனிதர் எதைச் சுமந்துகொண்டு உட்கார்ந்திருக்கிறார் என்று. வேலை போனதையோ ஊர்ப் பேச்சையோ அல்ல.

"கை முந்தலண்ணே" என்றேன். "நீங்க எப்பவும் எடுக்கற கால் சுத்துதான் எடுத்தீங்க. வண்டியில அது இல்ல. நான் எடுத்துட்டேன். ரெண்டு விரக்கடைதான் வெச்சிருந்தேன். தொட்டதும் திரும்பிடும்."

அவர் இரண்டு கையையும் முன்னால் நீட்டி, காற்றில் வளையத்தைப் பிடித்து, வலப்பக்கம் கால் சுற்று திருப்பினார். நிறுத்தினார். திரும்ப நேரே கொண்டுவந்தார். இந்தத் தடவை இரண்டு விரல் அளவு திருப்பினார்.

"இம்மாந்தானா?"

"அவ்ளோதாண்ணே."

"சொல்லியிருந்தா வுட்டிருப்பனேடா" என்றார். "அந்தக் கால் சுத்த வுட்டிருப்பனே."

அடுத்த மாதம் அதே வண்டி கிளட்ச் வேலைக்கு ஷெட்டுக்கு வந்தது. வேலை முடிந்த அன்று, "கலியமூர்த்தி அண்ணனக் கூட்டிகினு வா" என்றார் அக்கா. "ஓனர் ஒத்துக்க மாட்டாருக்கா" என்றேன். "ஷெட்டுக்குள்ள இருக்கற வரைக்கும் அது என் வண்டி" என்றார்.

பைக்கில் பின்னால் உட்காரவைத்துக் கூட்டிவந்தேன். ஏறுவதற்கு நானும் மணியும் தோள் கொடுத்தோம். வலது கால் பிரேக்குக்குச் சரியாக எட்டவில்லை. முதல் கியரில் பிரேக்குக்கு வேலை இல்லை என்றார். நான் மட்கார்டில் உட்கார்ந்தேன்.

முதல் சுற்றில் டிரம்முக்கு முன்பே கை போய்விட்டது. வண்டி வெடுக்கென்று திரும்பியது. "ஏ" என்றார். இரண்டாவது சுற்றில் கை கிளம்பியது, பாதியில் நின்றது. மூன்றாவது சுற்றில் டிரம் அருகே வரும்வரை கை அசையவில்லை. வந்ததும் லேசாகத் தொட்டார். வண்டி அழகாக வளைந்து எட்டை முடித்தது. என் கைக்கடிகாரத்தைப் பார்த்தேன். ஒன்பது நிமிடம்.

இறங்கியதும் அக்கா அந்தப் பழைய ஜாப் கார்டையும் ஒரு மைப்பெட்டியையும் மேசைமேல் வைத்தார். இந்தத் தடவை அண்ணன் கிரீஸ் என்று சொல்லவில்லை. கட்டைவிரலை மையில் உருட்டி, நான் எழுதிய பேருக்குக் கீழே அழுத்தி வைத்தார்.

"இது சரியா இருக்காம்மா?" என்றார்.

"சரியா இருக்குண்ணே."

"சரியா இருக்கா?" என்று மறுபடி கேட்டார். அக்கா சிரித்து நான் பார்த்தது அன்றைக்குத்தான். சிரிப்பு என்று சொல்கிறேன், கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

அதன்பின்னும் ஏழு வருடம் பட்டறையில் இருந்தேன். ஆனால் ஸ்டியரிங் பெட்டியில் திருகை இறுக்கும்போது கை பாதியில் நின்றுவிடும். வேண்டியதற்கு மேல் கொஞ்சம் ஆட்டம் விட்டே மூடுவேன். டிரைவர்கள் திரும்பி வந்து, "இன்னாபா, இன்னும் ஆடுது" என்பார்கள். மறுபடி திறந்து இறுக்குவேன், மறுபடி நின்றுவிடும். அக்கா என்னைச் சாமான் கவுண்டருக்கு மாற்றினார். ஒரு மெக்கானிக்கால் ப்ளே எடுக்க முடியாவிட்டால் அவன் அங்கே இருந்து என்ன செய்வது? விட்டுவிட்டேன். மலர்க்குழு மாணவர் சொன்னது சரி. ஓய்வுதான்.

பட்டறையில் இப்போதும் கார்டின் கடைசி வரிக்குப் பக்கத்தில் மைப்பெட்டி இருக்கிறது. கையெழுத்துப் போடத் தெரிந்தவர்களும் கட்டைவிரல்தான் வைக்க வேண்டும். அபிஷேகப்பாக்கத்தில் கேட்டால், கலியமூர்த்தி குடித்துவிட்டு டிராக்டரைக் கவிழ்த்தவர் என்றுதான் இன்றும் சொல்வார்கள். முதலாளி தண்டோரா போடவில்லை. ஆகவே நான் எழுதுகிறேன்: அன்று காலை அவர் குடித்திருக்கவில்லை. அவர் கை தவறவில்லை. ஜாப் கார்டில் இருந்தது அவர் கையெழுத்து அல்ல. அதை எழுதியவன் கீழே, தன் பேரிலேயே கையெழுத்திடுகிறான்.

ச. லூர்துராஜ்